ஆங்கிலத்தில் எதிர்மறை நிறைவுநிலை வினையும் பெயரடையும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் நூல்கள் பல, நிறைவுநிலை வினையின் எதிர்மறையை ஒரே வரியில் கூறி முடித்துவிடுகின்றன. 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்னும் துணைவினையை அடுத்து 'நாட்' என்னும் சொல்லைப் பெய்க என்பது அவ்வரி. அமைப்பளவில் இது பிழையன்று. ஆயின் அத்தொடரில் பெயரடை ஒன்று வந்து இயையுங்கால், மறுக்கப்படுவது யாது, எத்துணைக் காலம் மறுக்கப்படுகின்றது என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களுக்கு அவ்வொரு வரியில் விடை இல்லை.

'ஹீ ஹேஸ் நாட் பீன் வெல்' என்னும் எளிய தொடரை எடுத்துக்கொள்வோம். சில நாளாகவோ சில கிழமையாகவோ ஒருவர் நலமின்றி இருக்கின்றார், அந்நலமின்மை பேசும் கணம் வரை தொடர்ந்து வந்துள்ளது என்பது இதன் பொருள். இதனைத் தமிழிற் பெயர்ப்போர் சிலர், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, 'அவர் நலமாக இருந்ததில்லை' என்று எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் மூன்று நாட் காய்ச்சலாக இருந்தது, தமிழில் வாழ்நாள் முழுதும் நீங்காத நோயாகிவிடுகின்றது. இப்பிழை மொழியறிவுக் குறைவால் மட்டும் விளைவதன்று. ஆங்கிலத் தொடர் எவ்வாறு உருவாயிற்று என்பதனை அறியாமையால் விளைவது. ஆகவே அதன் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது. ஆங்கிலத்தின் இறந்தகால எச்சம் பிறப்பால் ஒரு பெயரடையே என்பதும், அப்பண்பு இன்றுகாறும் அதனைவிட்டு முற்றும் நீங்கவில்லை என்பதும், எதிர்மறையிலேயே அது தெளிவாக வெளிப்படுகின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் நிறைவுநிலையின் பிறப்பினைக் காண்போம். இன்று 'ஹேவ்' என்பதனோடு 'ஸ்லெயின்', 'ரிட்டன்' போன்ற எச்சங்கள் சேர்ந்து ஒரு வினையாய் நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தில் நிலை வேறு. அங்கு 'ஹப்பன்' என்னும் சொல்லுக்கு 'உடைத்தாதல்' என்பதே பொருள். எச்சம் அவ்வுடைமைப்பொருளின் அடையாக நின்றது. 'ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பு' என வழங்கும் நூலில், 755-ஆம் ஆண்டின்கீழ், கினெவுல்ஃப் என்னும் வேந்தன் வீழ்ந்த கதை சற்று விரிவாகக் கூறப்படுகின்றது. அவனைப் பகைவர் கொன்றமை கூறுமிடத்தில், 'கொல்லப்பட்ட' எனப் பொருள்படும் எச்சம், ஆண்பால் ஒருமை இரண்டாம் வேற்றுமைப் பெயரடைக்கு உரிய ஈற்றினைப் பெற்று நிற்கின்றது. அஃதாவது அவ்வெச்சம் வினைமுதலைப் பற்றி நில்லாது, செயப்படுபொருளைத் தழுவி, அதன் பாலும் எண்ணும் வேற்றுமையும் தானும் ஏற்று நின்றது. நம் மொழியில் எழுதின், 'அவனைக் கொல்லப்பட்டவனாக உடையராயினர்' என்று பெயர்க்கலாம். அக்காலத்திலேயே ஈறு பெறாத எச்சங்களும் உடன் வழங்கின. காலப்போக்கில் வேற்றுமை ஈறுகள் மழுங்கவே, பெயரடை என்பதற்குரிய அடையாளம் கண்ணுக்குப் புலனாகாது மறைந்தது, 'ஹேவ்' துணைவினையாயிற்று.

செயப்படுபொருள் குன்றிய வினைகள் வேறொரு வழியிற் சென்றன. வருதல், செல்லுதல், வீழ்தல், ஆதல் போன்ற வினைகளுக்கு 'ஹேவ்' வரவில்லை. 'இரு' எனப் பொருள்படும் 'பி' என்னும் வினையே வந்தது. 'அவன் வந்தவனாக இருக்கின்றான்' என்னும் அமைப்பு அது. இங்கும் எச்சம் பெயரடையாய் எழுவாயின் நிலையைச் சொன்னது. ஆக, நிறைவுநிலை என்பது இருவகைப்பட்ட பெயரடைத் தொடர்களிலிருந்து முளைத்த ஒன்று என்க.

இனி எதிர்மறையை நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன் 'நே' என்னும் சிறு சொல் வந்து மறுத்தது. சில வினைகளோடு அது ஒன்றாய்க் கலந்தும்விட்டது. 'ஹப்பன்' என்பதன் மறை 'நப்பன்'. 'இருக்கிறது' எனப் பொருள்படும் 'இஸ்' என்பதன் மறை 'நிஸ்'. இன்று இரு சொல்லாலும் மூன்று சொல்லாலும் கூறப்படும் இன்மை அன்று ஒரே சொல்லில் அடங்கியது. தமிழ் கற்றார்க்கு இது புதுமையன்று. 'இலன்', 'அல்லன்' என்பன மறைப்பொருளைத் தம்முள்ளேயே கொண்டவை; தொல்காப்பியர் வினையியலில் அன்மையையும் இன்மையையும் குறிப்புவினைக்கு நிலைக்களனாகக் கூறியுள்ளமை அறியற்பாலது. இவ்வொப்புமையை உறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. இரு மொழிகளும் தத்தம் வழியில் அடைந்த நிலை அது. ஒன்று அந்நிலையை இழந்தது, மற்றது இழக்கவில்லை, அவ்வளவே. 'வில்லி-நில்லி' என்னும் இரட்டைச் சொல்லின் பிற்பகுதியில் மட்டும் அப்பழைய கலப்பின் எச்சம் ஒன்று ஆங்கிலத்தில் இன்றும் தங்கியிருக்கின்றது.

'நே' மெலிந்த சொல்லாதலின், அதற்கு வலுச் சேர்ப்பான் வேண்டி 'ஒரு பொருளும் இல்லை' எனப் பொருள்படும் 'நோஹ்ட்' என்பது வினைக்குப் பின்னும் வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் முன்னும் பின்னும் இரு மறைச் சொற்கள் காவல் நின்றன. பின்னர் முன்னது உதிர்ந்தது. பின்னதே 'நாட்' எனக் குறுகி முழு மறையாயிற்று. வலுவூட்ட வந்தது தலைமை ஏற்ற இவ்வரலாற்றை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-இல் வெளியிட்ட எதிர்மறை பற்றிய நூலில் பல மொழிகளோடு ஒப்பிட்டு விளக்கினார். 1979-இல் ஓஸ்டன் டால் இதற்கு 'யெஸ்பர்சன் சுழற்சி' எனப் பெயரிட்டார்.

இடைக்கால நிலைக்குச் சாசர் நல்ல சான்றாவார். 'கேன்டர்பரிக் கதைகள்' நூலின் பாயிரத்தில் படைவீரனின் ஒழுக்கத்தைப் புகழுமிடத்து, அவன் தன் வாழ்நாளில் எவரிடத்தும் இழிசொல் கூறியறியான் என்னும் கருத்தினை மறைச்சொற்கள் நான்கினை அடுக்கிக் கூறுகின்றார். மறைகளின் அடுக்கினை இலக்கணிகள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் அவ்விடத்து வினை இயல்பான இறந்தகாலத்தில் நிற்பதனை அத்துணை கருதியவர் குறைவு. 'இதுகாறும்', 'வாழ்நாள் முழுதும்' என்னும் பொருளுடைய சொற்கள் உடன்வந்தும் நிறைவுநிலை வரவில்லை. இன்றைய ஆங்கிலேயர் அக்கருத்தை எழுதின், கதைப்போக்கு இறந்தகாலமாதலின், 'ஹேட்' என்னும் துணைவினையைப் பெய்தே எழுதுவர். எனவே 14-ஆம் நூற்றாண்டில், ஒரு காலப் பரப்பு முழுதும் ஒன்று நிகழாமையைக் கூற நிறைவுநிலை இன்றியமையாததாக இருந்திலது என்பது பெறப்படும். அடைச்சொற்களே அப்பணியை ஆற்றின.

இங்குப் பெயரடையைப் பற்றிய ஒரு செய்தி இன்றியமையாதது. 'வெல்', 'சிக்', 'ஹேப்பி' போன்ற பெயரடைகள் பயனிலையாக வருங்கால் 'பி' வினை வேண்டும். அவற்றிற்கு நிறைவுநிலை அமைதற்கு அவ்வினையின் இறந்தகால எச்சமாகிய 'பீன்' வேண்டும். பழைய ஆங்கில நூல்களில் அவ்வெச்சம் கிடைத்தற்கரியது. அக்காலப் பகுதியின் இறுதியிலேதான் அது தலைகாட்டுகின்றது. ஆகவே 'நலமாக இருந்துவரவில்லை' என்னும் பொருளை இன்றைய வடிவில் கூறுதற்குரிய கருவியே பழைய ஆங்கிலேயரிடம் பெரிதும் இல்லை. 'நலமாக இருந்திலன்' என்னும் இறந்தகாலத்தால் அவர்கள் அமைந்தனர். 'ஹேஸ் நாட் பீன்' என்பதில் உள்ள மூன்று சொற்களுள், துணைவினை உடைமையிலிருந்து வந்தது. மறை 'ஒரு பொருளும் இல்லை' என்பதிலிருந்து வந்தது. எச்சம் காலம் கடந்து தோன்றியது. இயற்கையாகத் தோன்றும் இத்தொடர் மெல்லமெல்லக் கட்டப்பட்டதொரு கட்டடமாகும்.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் 'டூ' என்னும் துணைவினை எதிர்மறையிற் புகுந்தது. இதன் வளர்ச்சியை ஆல்வர் எல்லகார்டு 1953-இல் வெளியிட்ட நூலில் எண்ணிக்கையோடு காட்டினார். முன்பு 'ஐ நோ நாட்' என்றவர் பின்பு 'ஐ டூ நாட் நோ' என்றனர். இம்மாற்றம் நிறைவுநிலையின் 'ஹேவ்' என்பதனைத் தீண்டவில்லை. உடைமைப் பொருளில் வரும் 'ஹேவ்' நாளடைவில் 'டூ' பெறத் தொடங்கிற்று. அமெரிக்கர் வழக்கில் 'ஐ டூ நாட் ஹேவ் எ புக்' என்பதே இயல்பு. ஆயின் 'ஐ டூ நாட் ஹேவ் கம்' என்பார் எவரும் இலர். ஒரே சொல்லே எனினும், மறுக்கும்பொழுது இரு வேறு சொற்களாய் நடந்துகொள்கின்றது. உடன்பாட்டில் இவ்வேறுபாடு மறைந்து கிடப்பது. எதிர்மறையே ஒரு சொல்லின் உண்மைத் தன்மையை உரைத்துக் காட்டும் கட்டளைக்கல் என்பதற்கு இது தக்க சான்று.

'பி' வினையோடு கூடிய பழைய நிறைவுநிலை நெடுங்காலம் நிலைத்தது. 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோவான் எழுதிய நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், தமக்குரிய காலம் வந்திலது என இயேசு தம் தாயிடம் உரைக்குமிடத்து, வருதல் வினைக்கு 'இஸ்' என்பதே துணையாய் நிற்கின்றது. 1881-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடும் அதனையே போற்றியது. 1946-இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்தப் பதிப்பில் 'ஹேஸ்' வந்து அமர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' புதினத்தின் மாந்தர், ஒருவர் வந்துவிட்டார் என்பதற்கு 'இஸ் கம்' என்றே பேசுகின்றனர். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுவழக்கில் 'ஹேவ்' வென்றது எனலாம்.

இவ்வெற்றியை வெறும் சொல் மாற்றமாகக் கருதுவோர் உளர். அஃது அமைவுடையதன்று. 'இஸ் நாட் கம்' என்பதும் 'ஹேஸ் நாட் கம்' என்பதும் ஒன்றனை மறுப்பன அல்ல. விருந்தினர் ஒருவர் காலையில் வந்து நண்பகலில் திரும்பிவிட்டார் என்க. மாலையில், 'வந்தவராக இங்கு இல்லை' எனல் மெய். 'வரவேயில்லை' எனல் பொய். முன்னது நிலையை மறுக்கின்றது. ஆகவே அதன்கண் உள்ள எச்சம் பெயரடை. பின்னது நிகழ்ச்சியை, அதுவும் ஒரு காலப் பரப்பு முழுதிலும், மறுக்கின்றது. ஆகவே அதன்கண் உள்ள எச்சம் வினை. மக்ஃபேடன், அலெக்சியாடூ என்னும் அறிஞர் இருவர் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், 'பி' நிறைவுநிலை விளைவுநிலையை மட்டுமே குறித்தது என்றும், அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட பொருள்களை, நிகழாதவற்றை நிகழ்ந்தனவாகக் கொண்டு பேசும் நிபந்தனைத் தொடர்கள் உட்பட, 'ஹேவ்' ஏற்றது என்றும் நிறுவியுள்ளனர். இதனோடு யாம் ஒன்று சேர்க்க விரும்புகின்றோம். நிகழாமையைக் கூறும் எதிர்மறையும் அத்தகைய அழுத்தத்தைத் தந்திருத்தல் வேண்டும். விளைந்த நிலை ஒன்றில்லாத இடத்தில், நிலைகூறும் பெயரடை எதனைச் சார்ந்து நிற்கும்? இஃது எம் கருத்தளவே. எண்ணிக்கை கொண்டு மெய்ப்பித்தல் பிறர் கடன்.

இனி 'பீன்' என்பதனோடு பெயரடை சேர்ந்த தொடருக்கு மீள்வோம். 'ஹீ வாஸ் நாட் வெல்' என்பது முடிந்துபோன ஒரு காலத்தைச் சுட்டுவது. இன்று அவர் நலமாக இருக்கலாம். 'ஹீ ஹேஸ் நாட் பீன் வெல்' என்பது அக்காலத்தின் கரையை இன்றோடு சேர்ப்பது. காலவளவு உடன்வரின் இரட்டுறல் பிறக்கின்றது. 'ஹீ ஹேஸ் நாட் பீன் இல் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்னும் தொடரை நோக்குக. மூன்றாண்டாக நோயே வரவில்லை என்பது ஒரு பொருள். அவர் நோயுற்று மூன்றாண்டு ஆகவில்லை, அதனிற் குறைவே என்பது மற்றொரு பொருள். மறை காலவளவினை விழுங்குமாயின் பின்னது. காலவளவு மறையினை விழுங்குமாயின் முன்னது. ஆங்கிலேயர் குரலின் ஏற்றத் தாழ்வாலும் இடத்தாலும் இதனைப் பிரித்துணர்வர். எழுத்தில் அக்குரல் இல்லை. மருத்துவக் குறிப்பு எழுதுவோரும் வழக்குமன்றத்தில் மொழிபெயர்ப்போரும் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

தமிழில் இவ்விரட்டுறல் எழாது. 'மூன்று ஆண்டாக நோய் இல்லை' என்பது வேறு. 'நோயுற்று மூன்று ஆண்டு ஆகவில்லை' என்பது வேறு. நம் மொழி பெயரடைப் பயனிலைக்குக் காலங்காட்டும் வினையை வேண்டி நிற்பதன்று. 'மூன்று நாளாக அவருக்கு உடல்நலம் இல்லை' என்புழி 'இல்லை' காலம் காட்டவில்லை. 'ஆக' என்னும் ஈறே காலப் பரப்பினை இன்றுவரை நீட்டிவிடுகின்றது. 'வரவில்லை' என்பது ஆங்கிலத்தின் 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்' இரண்டற்கும் ஒப்ப நிற்கும். 'வந்ததில்லை' என்பதோ ஒருமுறையேனும் நிகழாமையைக் கூறும். தொடக்கத்திற் காட்டிய மொழிபெயர்ப்பாளர் வழுக்கியது இவ்விடத்திலேயே: 'நலமாக இருந்ததில்லை' என்பது 'நெவர்' என்னும் சொல்லுக்கு உரியது, 'நாட்' என்பதற்கு உரியதன்று. அமெரிக்கர் பலர் 'யெட்' என்னும் சொல்லோடும் 'டிட் நாட்' எனப் பேசுவர். அவ்வகையில் அவர் வழக்கு நம் 'வரவில்லை' என்பதற்கு அணித்தாகின்றது.

மறையினைத் துணைவினைக்குக் கொடாது பெயரடைக்கே கொடுப்பதும் ஒரு வழி. 'ஹேஸ் நாட் பீன் வெல்' என்பதற்கு ஈடாக 'ஹேஸ் பீன் அன்வெல்' எனலாம். ஆயின் எல்லாவிடத்தும் இவை ஒன்றாகா. 'ஹேஸ் நாட் பீன் கைண்டு' என்பது அன்பு காட்டாமையைக் கூறும். 'ஹேஸ் பீன் அன்கைண்டு' என்பது கொடுமையைக் கூறும். இரண்டனையும் சேர்த்து 'ஹேஸ் நாட் பீன் அன்கைண்டு' என்பாரும் உளர். 18-ஆம் நூற்றாண்டு இலக்கணிகள், ஜேம்ஸ் கிரீன்வுட், ராபர்ட் லௌத் முதலியோர், இரு மறைகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகும் என விதித்தனர். கணக்கில் அது சரியே, மொழியில் அன்று. 'கொடியவராக இருந்திலர்' என்பது 'அன்பாக இருந்தார்' என்பதற்கு ஈடாகுமா? புகழ்ந்தும் புகழாமலும் நிற்கும் ஓர் இடைநிலை அது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையில் இவ்வழக்கினை எள்ளி, நாய், முயல், வயல் மூன்றற்கும் இத்தகைய அடைகளைப் புணர்த்து ஒரு நகைத் தொடர் ஆக்கிக் காட்டினார். எள்ளலுக்குப் பின்னும் அவ்வழக்கு ஒழியவில்லை. தேவையுள்ள வடிவம் எள்ளலால் ஒழிவதில்லை போலும்.

பேச்சு வழக்கில் மறை துணைவினையோடு மீண்டும் ஒட்டிக்கொண்டது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே குறுகிய வடிவங்கள் எழுத்தில் தோன்றுகின்றன. ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் 'டாட்லர்' இதழில் இவ்வழக்கத்தைக் கடிந்து எழுதினார். அதில் அவர் மாதிரியாகத் தந்த மடலில், 'அதனைச் செய்திலேன்' என்னும் பொருளுடைய எதிர்மறை நிறைவுநிலைத் தொடரின் வினைப்பகுதியும் அதன் செயப்படுபொருளுமாகிய நான்கு சொற்கள் இரண்டாக நெரிக்கப்பட்டுள்ளன. ஸ்விஃப்ட் இதனைச் சீர்கேடு என்றார். வரலாற்று நோக்கில் காண்பார்க்கோ, 'நப்பன்' என ஒன்றாயிருந்து பிரிந்தது 'ஹேவின்ட்' என மீண்டும் ஒன்றாயிற்று என்பதே புலப்படும்; முன்பு தலையில் இருந்த மறை இப்பொழுது காலிற் சேர்ந்தது, அவ்வளவே.

இக்குறுக்கம் மற்றொன்றும் செய்தது. 'எய்ன்ட்' என்னும் சொல் 'ஆம் நாட்', 'இஸ் நாட்' என்பவற்றுக்கும், 'ஹேவ் நாட்', 'ஹேஸ் நாட்' என்பவற்றுக்கும் பொதுவாயிற்று. 1961-இல் வெளிவந்த வெப்ஸ்டர் மூன்றாம் பேரகராதி முற்கூறிய பொருளைக் கற்றோர் பலரும் பேச்சிற் கொள்வர் எனக் குறித்தமை பெரும் கண்டனத்தை எழுப்பியது. பிற்கூறிய பொருளையோ அவ்வகராதியும் தாழ்ந்த வழக்கென்றே குறித்தது. நம் ஆய்வுக்கு வேண்டுவது பிறிதொன்று. 'ஹீ எய்ன்ட் கான்' என்புழி, 'சென்றவனாக இல்லை' என்னும் பெயரடைப் பொருளா, 'சென்றிலன்' என்னும் வினைப் பொருளா என வேறுபடுத்தல் இயலாது. கற்றோர் வழக்காகிய 'ஹீஸ் நாட் கான்' என்பதும் அத்தகையதே. குறுகிய 'ஸ்' என்பது 'இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் துணைவினையைக் குறுக்கி மறையை முழுமையாக ஒலிக்கும் இவ்வழக்கு மிகுதி என்பர். நூற்றாண்டுகளாகப் போரிட்ட இரு துணைவினைகள் ஓர் ஒலியில் வந்து அடங்கிவிட்டன.

'கான்' என்னும் எச்சம் இன்றும் 'இஸ்' ஏற்று வருதலால், அது பெயரடையாக எஞ்சியது என்று கொள்ளத் தடையில்லை. 'ஃபினிஷ்டு', 'டன்' என்பனவும் அவ்வாறே. 'ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்டு' என்பதனோடு 'ஐ ஆம் நாட் ஃபினிஷ்டு' என்பதும் வழங்குகின்றது. முன்னது வேலையை நோக்கியது, பின்னது ஆளின் நிலையை நோக்கியது. கனடாவிலும் அமெரிக்காவின் பிலடெல்பியா, வெர்மான்ட் ஆகிய பகுதிகளிலும் இதற்கு ஒருபடி மேற்சென்று, 'ஐ ஆம் டன் மை ஹோம்வொர்க்' எனச் செயப்படுபொருளையும் உடன்சேர்த்துக் கூறுகின்றனர். ஏனைய ஆங்கிலேயர்க்கு இது பிழையாகத் தோன்றும். 2015-இல் ஃப்ரூவால்டு, மைலர் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து, அவ்விடத்து 'டன்' பெயரடையே என்றும், அப்பெயரடை தானே செயப்படுபொருளை ஏற்கின்றது என்றும் முடிவு செய்தனர். 755-ஆம் ஆண்டுக் குறிப்பில் எச்சம் பெயரடையாய்ச் செயப்படுபொருளைத் தழுவி அதன் ஈற்றினை ஏற்றது. இங்கோ பெயரடை எழுவாயைச் சார்ந்து நின்றுகொண்டே செயப்படுபொருளையும் தனக்கென ஈர்த்துக்கொள்கின்றது. இவ்வழக்கின் எதிர்மறை, 'யெட்' போன்ற காலச் சொற்களோடு எவ்வாறு இயைகின்றது என்பதனைக் கனடா மக்களின் பேச்சிலிருந்து தொகுத்துக் காண்பது இனிச் செய்யற்பாலதாகும்.